பென்சில் பிராக்கெட் இல்லாத நாலாம் வகுப்பு

“எங்க பொண்ணு இங்கிலீஷ்ல எப்பவும் ஃபுல் மார்க் மிஸ். நீங்க வந்த அப்புறம்தான் வீட்ல உட்கார்ந்து அழறா. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வீட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட் படிச்சவங்களாமே. உங்களுக்கே இதெல்லாம் புதுசு அல்வா?”

பெற்றோர் கூட்டத்தில், பின்னால் மற்றவர்கள் காத்து நிற்கும்போது, சஹானாவின் அம்மா என்னிடம் கேட்டது இது. அவர் கணவர் ரயில்வேயில் இருக்கிறார். தலைமுறைகளாக மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பம், ‘இல்லையா’ என்பதற்குக் கன்னடத்து ‘அல்வா’தான் வாயில் வரும். நான் ஹனூர் பக்கத்து மார்டள்ளி கிராமத்துக்காரி. அப்பா, அம்மா இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க வந்து, முதல் டெர்ம்கூட அப்போது முடிந்திருக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அந்த வருடத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

1. மார்க் பண்ணுவது

எங்கள் பள்ளியில் மட்டுமல்ல, நான் பார்த்த எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. பாடத்தை வாசித்து முடித்ததும் டீச்சர் சொல்வார்: “பென்சில் எடுங்க. ஃபர்ஸ்ட் கொஸ்டின், செகண்ட் பேரா, மூணாவது லைன். இங்கேருந்து இதுவரைக்கும் பிராக்கெட்.” பிள்ளைகள் பிராக்கெட் போட்டு, பக்கத்தில் கேள்வி எண்ணை எழுதிக்கொள்வார்கள். அதை நோட்டில் எழுதி, வீட்டில் மனப்பாடம் செய்து, டெஸ்டில் அப்படியே இறக்குவார்கள். அண்ணன், அக்கா படித்த புத்தகம் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பிராக்கெட் ஏற்கெனவே போட்டிருக்கும்.

நான் சேர்ந்த புதிதில், ஒரு பாடத்தை முடித்துவிட்டு, “அந்தப் பையன் ஏன் வீட்டுக்குப் போகப் பயந்தான்?” என்று புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன். முதல் மார்க் வாங்கும் சஹானா புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மிஸ், இதுக்கு நீங்க மார்க் பண்ணவே இல்லையே.”

அந்தப் பாடத்தைத் தடுமாறாமல் அழகாக வாசித்தவள் அவள். வாசித்ததில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வார்த்தைக்கு அர்த்தமும் அப்படித்தான். ‘பிரேவ்’ என்றால் ‘கரேஜியஸ்’ என்பார்கள். ‘கரேஜியஸ்’ என்றால் என்ன என்று கேட்டால் ‘பிரேவ்’ என்பார்கள்.

“எல்லாரும் ரப்பர் எடுங்க. பிராக்கெட்டை அழிங்க” என்றேன். அன்றைக்கு வகுப்பில் அவ்வளவு சந்தோஷம். பெஞ்சு முழுக்க ரப்பர் தூள். வீட்டுக்குப் போய் மனப்பாடம் செய்ய உட்கார்ந்ததும்தான் வினை.

2. மார்டள்ளியில் கற்றது

எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் நான்தான் வாசிக்க வேண்டும். பயிருக்கு அடிக்கும் மருந்து பாக்கெட்டில் இருப்பதை நான் கடகடவென்று வாசித்ததும் அப்பா கேட்பார்: “செரி கண்ணு, படிச்சுப் போட்டே. இப்ப நாம என்ன பண்ணோணுங்கறான்?” மறுபடி வாசித்து, டேங்குக்கு எவ்வளவு, காலையில் அடிப்பதா சாயங்காலமா என்று தமிழில் சொன்னால்தான் விடுவார். தப்பாகச் சொன்னால் மக்காச்சோளம் கருகிவிடும். வாசிப்பது வேறு, விளங்குவது வேறு என்று பி.எட். படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். படித்தவர்கள் நிறைந்த வீட்டில் பிறந்திருந்தால் இது எனக்கு வாய்த்திருக்காது.

அதையே வகுப்பில் செய்தேன். ஒரு பத்தி வாசி. புத்தகத்தை மூடு. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவளிடம் உனக்கு வரும் பாஷையில் சொல். பிறகு இங்கிலீஷில் எழுது. இலக்கணத்துக்குத் தனியாக உதாரணம் தேடவில்லை. அவர்கள் எழுதிய தப்பான வாக்கியம் ஒன்றை, யாருடையது என்று சொல்லாமல் போர்டில் எழுதுவேன். “இது என்னோடது மிஸ்!” என்று அவர்களே பெருமையாகக் கத்துவார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அதைச் சரி செய்வோம்.

3. மேடத்தின் நிபந்தனை

சஹானாவின் அம்மாவோடு இன்னும் சில பெற்றோர்கள் சேர்ந்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“இங்கிலீஷ் பீரியட்ல கன்னடச் சத்தம் காரிடார் வரைக்கும் கேக்குது. நோட்டுல ஆன்ஸர் இல்லைன்னு கம்ப்ளைன்ட். என்னம்மா நடக்குது?”

“புரிஞ்சு எழுதப் பழகறாங்க மேடம்.”

“டெஸ்ட்ல தெரியணுமே. யூனிட் டெஸ்ட்டுக்கு ஒரு அன்சீன் பாஸேஜ் நானே எடுத்துத் தர்றேன். நீ முன்னாடி பாக்கக்கூடாது. கிளாஸ் எழுதலைன்னா அடுத்த டெர்ம் நாலாம் கிளாஸ் உனக்கு இல்ல. யு.கே.ஜி.ல ரைம்ஸ் சொல்லிக் கொடு.”

“சரிங்க மேடம்” என்றேன். யு.கே.ஜி. இழிவான வேலை இல்லை. ஆனால் தோற்று அங்கே போக எனக்கு மனமில்லை.

4. குடைக்காரர்

மேடம் தந்த பத்தியில் ஒரு குடை வியாபாரி. சந்தையில் காலையிலிருந்து யாரும் அவரிடம் வரவில்லை. வானம் கறுக்கிறது. அவர் மெதுவாக விசிலடிக்கத் தொடங்குகிறார். கடைசிக் கேள்வி, அவர் ஏன் விசிலடித்தார்? பத்தியில் எங்கேயும் பதில் இல்லை. பிராக்கெட் போடுவதற்கு இடமே இல்லை.

பேப்பர்களை மேடம் தன் மேஜையிலேயே திருத்தினார். நான் எதிரே நின்றேன். சிலர் அந்தக் கேள்வியை விட்டிருந்தார்கள். ஒருவன், மழை வந்தால் ஸ்கூல் லீவு, அதனால்தான் என்று எழுதியிருந்தான். மேடம் வாய்விட்டுச் சிரித்து, “இவனுக்கு அரை மார்க்காவது போடணும்” என்றார். பெரும்பாலானவர்கள் உடைந்த இங்கிலீஷில் தாங்களாகவே காரணம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் எழுதியதைப் போல இன்னொருவர் எழுதவில்லை. மேடம் அதைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார்.

“நாலாம் கிளாஸ் உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஸ்பெல்லிங்கைக் கவனி, தாயே.”

பேப்பர் கொடுத்த அன்று சஹானாவின் அம்மா வந்தார். மகளுக்கு ஃபுல் மார்க் இல்லை. கடைசிப் பதிலைக் காட்டி, “ரெயின் கம்மிங், நௌ பீப்பிள் வில் வான்ட் ஹிம்... இது யாருடி சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

“யாரும் இல்லம்மா. அந்தத் தாத்தா பாவம், காலைலேருந்து யாருமே அவர்கிட்ட வரலை அல்வா? அதான்.”

அம்மா அந்தப் பதிலை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “கிராமர் தப்பா இருக்கே மிஸ்?” என்றார்.

“இருக்குங்க. அதை நான் சரி பண்ணிடுவேன். அந்த யோசனையை நான் கொடுத்திருக்க முடியாது.”

அவர் பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு புகார் வரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளின் பதில் கோணலாக இருந்தாலும் அவர்களுடையதாக இருக்கட்டும். கோணலை நிமிர்த்தலாம். இல்லாத பதிலை ஒன்றும் செய்ய முடியாது.

வருடக் கடைசியில், இதே பிள்ளைகளோடு ஐந்தாம் வகுப்புக்குப் போகிறேன் என்று நானே மேடத்திடம் கேட்டு வாங்கினேன். மே மாத லீவில் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்ட், பட்டுத் தறி, டிராக்டர் பஞ்சர் என்று அவர்கள் பார்த்த, பார்க்காத விஷயங்களை வைத்து, அவர்களுக்கு அன்சீன் பாஸேஜாகக் கொடுக்க இங்கிலீஷில் பத்திகள் எழுதினேன். டி.டி.பி. கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டாகிவிட்டது. போன திங்கட்கிழமை முதல் பத்தியை வகுப்பில் கொடுத்தேன்.