யூரியா வைக்கோல்

பார்லர் பெண் தலைச்சாயத்தைக் கலக்கியதும் மூக்கில் ஏறிய காரநெடி, என்னைக் காமயகவுண்டன்பட்டியில் எங்கள் மாட்டுக்கொட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. வெறும் வைக்கோலைத் தின்று எங்கள் ஒற்றைப் பசு, செவலை, எலும்பும் தோலுமாக நின்றது. புண்ணாக்கு வாங்க வழியில்லை. அப்பா மாட்டு ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்து, யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடினார்.

"யூரியாத் தண்ணியக் குடிச்சுத்தான மேலத்தெரு மாடு செத்துச்சு?" என்றாள் அம்மா.

"அது கரைச்ச ஒடனே குடிச்சது. இது மூணு வாரம் மூடிக் கெடந்தா சத்தா மாறிரும்னு டாக்டர் சொன்னாக."

அந்த மூன்று வாரமும் அம்மா அவரோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து வைக்கோலைப் பிரித்தபோது கிளம்பிய இதே நெடியில் எங்கள் கண்களெல்லாம் கலங்கின. ஒருநாள் ஆறவிட்டு, அப்பா செவலைக்கு ஒரு கை அள்ளினார். அம்மா அதைப் பிடுங்கி, நாலு வைக்கோல் தாளைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். எச்சிலாகிவிடும் என்று குழம்பில் உப்புக்கூட ருசி பார்க்காதவள்.

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா, ஒங்கப்பாவ மாட்டுக்குப் போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாயும்வரை நானும் அப்பாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளே அள்ளிப்போய்ப் போட்டாள். செவலை அவள் கையை முகர்ந்துவிட்டு மெல்லத் தின்னத் தொடங்கியது.

"நெடி தாங்கலையாக்கா?" என்றாள் பார்லர் பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவலை தின்பதைப் பார்த்தபடி, மூன்று வாரம் கழித்து அம்மா அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு நினைவுக்கு வந்தது:

"சப்புன்னு இருக்கு. நாளைக்கு ஒரு கை உப்புத் தூவிப் போடுங்க."