தெற்கே பார்த்த அகல்

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோடித் துணி உடுத்துவதோடு சரி. எங்கள் பக்கத்தில் விளக்குத் திருநாள் என்றால் அது திருக்கார்த்திகைதான். திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் ஏற்றுகிற அந்தியில் ராஜபாளையத்தில் எங்கள் தெருவும் அகல் ஏற்றும். அடியும் முடியும் காண முடியாத நெருப்பாகச் சிவன் நின்ற நாள் என்று கோயிலில் சொல்வார்கள். என் மாமியார் சொன்ன அர்த்தம் வேறு. அன்றைக்கு ஏற்றுகிற வெளிச்சம் எந்த உயிர் மேல் பட்டாலும், அது புழுவோ கொசுவோ பட்டுப்போன மரமோ, அதற்குக் கரையேற வழி உண்டாம். அதனால்தான் வாசலோடு நிறுத்தாமல் கிணற்றடி, உரல், மாட்டுத்தொழுவம் என்று எல்லா இடத்திலும் விளக்கு வைக்கிறோம். மறுநாள் குப்பைக் கார்த்திகை என்று குப்பைமேட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் வாழ வந்த வருஷம், இதைக் கேட்டுவிட்டு, "கொசுவுக்கு நம்ம ரத்தமும் குடுத்து, வெளக்கெண்ணெயும் குடுத்து, மோட்சமும் குடுக்கணுமாக்கும்?" என்று கேட்டேன். அத்தை சிரித்தாள். என் வீட்டுக்காரர் அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்தால் தொழுவத்தில் மாடு திரும்பிப் பார்க்கும்.

அத்தை வாசலில் விளக்கேற்ற மாட்டாள். மகன் தொட்டிலில் கிடந்தபோதே மாமனார் போய்விட்டார். திரி திரிப்பாள், அகலைக் கழுவிக் காயவைப்பாள், எண்ணெய் ஊற்றுவாள். ஏற்ற மட்டும் ஒரு சுமங்கலியின் கை வேண்டும். அவளுடைய நாத்தனார் இருந்த வரைக்கும் அந்த அம்மாள் வந்து ஏற்றிவிட்டுப் போவாளாம். அவளும் செத்த பிறகு எங்கள் வாசல் மட்டும் தெருவில் பல் விழுந்த இடம் மாதிரி இருட்டாகக் கிடந்திருக்கிறது. "இவ காலெடுத்து வச்ச பொறவுதான் எம் வாசல்ல வெளிச்சம் வந்துச்சு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அதைச் சொல்லிச் சொல்லியே என்னிடம் வேலையும் வாங்கிவிடுவாள். கெட்டிக்காரி.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குப் போனார். இரண்டு தடவை வந்துபோனார். மூன்றாவது தடவை வருவதற்குள் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டுவழியாக நடந்தார்கள் என்று சொன்னார்கள். நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றுவட்டாரத்தில் வந்து சேர்ந்தார்கள், எலும்பும் தோலுமாக. பஸ் நிற்கிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். யாரோ ஒருத்தர் வருவார், அவர் வரமாட்டார்.

அந்த ஐப்பசியில், பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒரு ஆள் சேத்தூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அத்தை பஸ் ஏறிப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "மாட்டை யாரு பாப்பா? நீ இரி" என்று அதட்டினாள். பொழுது சாயத் திரும்பி வந்தவள் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். பஸ்ஸில் ஒரே புழுதி என்றாள். "அவனுக்கு ஒண்ணும் தெரியலட்டி. அவன் வேற கூட்டத்தோட வந்திருக்கான். எம் மவன் பின்னால வருதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை இடிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் நம்பினேன். நம்புவதற்குத்தானே காத்துக்கொண்டிருந்தேன்!

கார்த்திகை வந்தது. எனக்கு விளக்கேற்ற மனசே இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, நல்லெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது, இதில் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஊருக்குக் காட்ட வேண்டுமா என்று எரிச்சல். மலைப்பக்கமிருந்து தூறல் வேறு. அத்தை திரித்து வைத்த திரியெல்லாம் நமுத்துவிட்டது என்று சாக்குச் சொல்லி அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தெரு முழுக்க வெளிச்சம் வந்துவிட்டது. எங்கள் வாசல் மட்டும் இருட்டு.

அந்த இருட்டைப் பார்த்துத்தான் எதிர்வீட்டு அக்கா தப்பாக நினைத்துவிட்டாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவாள். மகள் மாதிரி என்மேல் பிரியம். மூடிய தட்டோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே பனையோலைக் கொழுக்கட்டை, பச்சை ஓலை வெந்த வாசம் எனக்கு அடுப்படி வரைக்கும் வந்தது.

சாதாரண நாளில் தட்டு வருவதும் போவதும் ஒன்றுமில்லை. கார்த்திகை அந்தியில், விளக்கு வைக்காத வீட்டுக்கு, பதிலுக்கு எதுவும் எதிர்பாராமல் தட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு அடுப்பில் சட்டி ஏறாது. அக்கம்பக்கம்தான் கொண்டுவந்து கொடுக்கும். வாங்கிக்கொண்டால் ஆமாம், எங்கள் வீட்டில் சாவு என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

"அம்மாயி சாப்பிடட்டும்" என்று அக்கா சொன்னதுதான் தாமதம், அத்தை எழுந்த வேகத்தில் வெற்றிலை உரல் உருண்டது.

"எடுத்துக்கிட்டுப் போ! யாரு வீட்டுக்கு யாரு கொண்டாறது? இது துக்க வீடு இல்ல! எம் மவன் உசுரோட இருக்கான், வந்துக்கிட்டு இருக்கான்! ஏட்டி, உள்ள என்ன செய்யித? வந்து வெளக்கை ஏத்து!"

தெருவே பார்த்தது. அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று, பாவம். தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனாள். நான் ஓடிவந்து ஒவ்வொரு அகலாக ஏற்றினேன். தூறலில் ஒன்றை ஏற்றினால் ஒன்று அணைந்தது. அத்தை பின்னாலேயே நின்று, "ஏத்து, மறுபடி ஏத்து" என்றாள். என்ன கல்நெஞ்சு இவளுக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் குப்பைக் கார்த்திகை. பொழுது விழுகிற நேரத்தில் அத்தை ஒரு அகலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வழக்கமாக அதையும் நான்தான் வைப்பேன். மழையில் வழுக்குமே என்று பின்னால் போனேன். குப்பைமேட்டின் ஓரமாக உட்கார்ந்து அவளே தீக்குச்சி கிழித்து ஏற்றினாள். அவள் கையால் ஒரு விளக்கு எரிவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரி தெற்கே பார்த்து இருந்தது.

வீட்டு விளக்கை யாரும் தெற்கே பார்த்து வைக்க மாட்டார்கள். செத்தவர்களுக்குத்தான் அந்தத் திசை.

"அத்தை, திரி தெக்க பாக்குது" என்றேன். கை தவறி வைத்துவிட்டாள் என்று அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்தேன்.

அவள் திரும்பவே இல்லை. "தெரிஞ்சுதான் வச்சேன்" என்றாள்.

அந்தச் சகதியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சேத்தூர்க்காரர் என் வீட்டுக்காரரோடு ஒரே கூட்டத்தில்தான் நடந்து வந்திருக்கிறார். வழியில் வயிற்றுப்போக்குக் கண்டு என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டாராம். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூச்சு நின்ற பிறகு குழி தோண்டக்கூட யாருக்கும் தெம்பில்லை. இலையை வெட்டி மூடிவிட்டு நடந்துவிட்டார்கள்.

"ஒரு பிடி மண்ணு இல்ல, கொள்ளி இல்ல, தலைமாட்டுல ஒரு வெளக்கு இல்ல" என்றாள். "புழுவுக்குக் கெடைக்கிற வெளிச்சம் எம் புள்ளைக்குக் கெடைக்க வேண்டாமாட்டி?"

முந்தின நாள் தெருவே பார்க்க நின்று கத்தினாளே, அப்போதே அவளுக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தலை முழுகினாளே, அது மகனுக்காக. எனக்கு அழுகை வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. "எம் புருசன் செத்தது எனக்குத் தெரிய வேண்டாமா? இந்தப் பூவையும் பொட்டையும் வச்சுக்கிட்டு என்னைப் பொம்மை மாதிரி நிக்க வச்சிருக்கீகளே!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உலுக்கு. நல்லா உலுக்கு" என்றாள். "என்னையப் பத்தொம்பது வயசுல ஒக்கார வச்சு வளையலை ஒடைச்சாளுவ. கண்ணாடி கிழிச்ச தழும்பு இன்னும் இருக்கு, பாரு. அன்னையிலருந்து நல்ல காரியத்துக்கு எதுக்கால வராதன்னாளுவ. உனக்கும் அதைச் செய்வாளுவ. நான் இருக்க மட்டும் விட மாட்டேன். நீயும் என்னைய மாதிரி ஆயிட்டா வாசல்ல வெளக்கேத்த இந்த வீட்டுல வேற கை ஏது?"

அதன் பிறகுதான் அழுதேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அழுதோம், தெருவுக்குக் கேட்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. புருஷனுக்கு வாய்விட்டு அழக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லை.

அதற்குப் பின் வந்த கார்த்திகைகளில் நான் பூ வைத்துக்கொண்டு வாசலில் ஏற்றினேன். ஒவ்வொரு அகலையும் ஏற்றும்போது பாவம் செய்கிறோம் என்று உறுத்தும். குப்பைக் கார்த்திகை அன்று அத்தை கொல்லைக்குப் போவாள். ஒரு வருஷம் அவளுக்கு முன்னால் நானே போய், திரியைத் தெற்கே தள்ளி ஏற்றிவைத்தேன். அவள் வந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் தீர்கிற வரைக்கும் விடவில்லை. ஊர்ப் பெரியவர்கள், போனவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாமே என்று வருவார்கள். அவர்களை அத்தை வாசலிலேயே வைத்து விரட்டுவாள்.

ஜப்பான் சண்டை முடிந்த பிறகு ஒரு புரட்டாசியில் அத்தை போய்விட்டாள். பதினாறாம் நாள், கூடியிருந்த பெண்களிடம் சேத்தூர்க்காரர் சொன்னதை நானே சொன்னேன். மறைக்கச் சொன்னவளே போன பிறகு யாருக்காக மறைப்பது? வளையலை உடைக்க ஒருத்தி கிட்டே வந்தாள். "தொட்டா தெரியும்" என்றேன். நானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன். தாலியையும் நானே கழற்றினேன். அத்தைக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகைக்கு மழை இல்லை. தெருவில் ஒரு விளக்குக்கூட அசையவில்லை. எங்கள் வாசல் இருட்டாகக் கிடந்தது. நான் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா தட்டோடு தெருவைக் கடந்து வந்தாள். படியேறாமல் கீழேயே நின்றாள். பழைய ஏச்சு அவளுக்கு மறக்கவில்லை.

"கோபிச்சுக்காதே அம்மாயி. மனசு கேக்கல" என்றாள்.

"வாங்கக்கா. இது துக்க வீடுதான்" என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஓலை இன்னும் சுட்டது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேற ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டாள்.

"இந்த வருசம் அகல் வாங்கலக்கா. நாளைக்குக் குப்பைமேட்டுக்கு வேணும். ரெண்டு குடுங்க" என்றேன்.