புரொபசர் ஞானமும் மாதையன் தலைப்பாகையும்

பாகலூர் பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என் தையல் கடைக்குள் வந்தார். "ஆர்மோனியக்காரரே, உங்க புரொபசரு காத்தால தவறிட்டாருங்க" என்றார். நான் நம்பவில்லை. "வித்தை காட்டறப்ப பெட்டிக்குள்ள படுத்து எத்தனையோ தடவ எழுந்த மனுசன்யா அவரு! சரியாப் பாத்தாங்களா?" என்று கத்தினேன். கண்டக்டர் என் தோளைத் தொட்டார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன். அடக்கத்தில் உங்களில் பலரைப் பார்த்தேன். பெட்டியை மூடும்போது, "கொஞ்சம் பொறுங்க, எழுந்திருப்பாரு" என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஞானம் அண்ணன் கிருஷ்ணகிரிக் கிறிஸ்தவர். புரொபசர் என்பது அவரே சூட்டிக்கொண்ட பட்டம். எந்தக் கல்லூரி என்று கேட்டால், "குந்தாரப்பள்ளி சந்தை. மாடுங்ககூட அசையாம நின்னு பாடம் கேக்கும்" என்பார். தமிழில் தொடங்கி, தெலுங்கில் கேலி பேசி, கன்னடத்தில் முடிப்பார். ஒரு பாஷையில் சிரிக்காதவன் அடுத்ததில் மாட்டிக்கொள்வான். இறந்தவரைப் புகழ்ந்துகொண்டே போவது எனக்கு ஆகாது, ஆகவே இதையும் சொல்கிறேன்: மீசையைச் சீவ அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டு பாட்டு வாசித்து முடித்துவிடுவேன். கூட்டம் கூச்சல் போடும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சுதி, கோவப்பட்டா உன் மூக்கு அழகா இருக்குது" என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, சுதிதான்.

எங்கள் ஆட்டத்தின் உயிர் மோதிர வித்தை. ஊர்ப் பெரிய மனிதரிடம் மோதிரத்தை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றுவார். உதறினால் மோதிரம் இருக்காது. ஊரே தேடும். முன்வரிசையில் எவன் வாய்விட்டுச் சிரிக்கிறானோ, அவன் தலைப்பாகைக்குள் கையை விட்டு மோதிரத்தை எடுப்பார். சட்டை கிழிந்த ஆளாகப் பார்த்துத்தான் பிடிப்பார், அப்போதுதான் சிரிப்பு அதிகம். அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் சோறு தின்றோம்.

அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக் கிராமம். மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்து, பொழுது சாயும் முன்பே கோயில் மரத்தடியில் ஆட்டத்தைத் தொடங்கினோம். மோதிரம் ஊர்க் கவுண்டருடையது. அண்ணன் அதை மாதையன் என்ற மாடு மேய்ப்பவனின் தலைப்பாகையிலிருந்து எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. வித்தை சொதப்பிவிட்டது என்று நினைத்து ஆர்மோனியத்தைப் பலமாக வாசித்தேன். அதற்குள் நாலு பேர் மாதையனை இழுத்து மரத்தோடு கட்டிவிட்டார்கள்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் அம்மன் சிலைக்குச் சாத்தும் வெள்ளிக் கண்மலர் காணாமல் போயிருந்தது. பூசாரி குறி கேட்டிருக்கிறார். திருடனை அம்மாவே ஊர் நடுவில் காட்டிக்கொடுப்பாள் என்று வாக்கு வந்ததாம். கவுண்டர் மோதிரம் போய் மாதையன் தலையில் உட்கார்ந்ததும் ஊர் தீர்ப்பை எழுதிவிட்டது. இருட்டுவதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் ஊரை விட்டுப் போக வேண்டும்.

அண்ணன் கோட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் போனார். "அய்யா, விரலிடுக்கப் பாருங்க. மோதிரம் எங்கயும் போகல, இங்கதான் இருந்துச்சு" என்று விரித்துக் காட்டினார். பூசாரி அசையவில்லை. "அவனக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க. உங்க கையே உங்களுக்குத் தெரியாம அம்மா நடத்திட்டா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதையன் மனைவி மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அண்ணன் கவுண்டரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்களே பண்ணுங்க கவுண்டரே, நான் சொல்லித் தர்றேன்" என்றார். ஊர் பார்க்க, பாடம் நடந்தது. கலப்பை பிடித்த தடித்த விரல்கள், மோதிரம் நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் கவுண்டர் எழுந்து, பூசாரியின் குடுமிக்குள் கையை விட்டு மோதிரத்தை எடுத்தார். முதலில் சிரித்தவரே கவுண்டர்தான். பிறகு ஊர் சிரித்தது. தன் மச்சான் காதிலிருந்தும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, "அவுத்து விடுங்கடா அவன" என்றார். கண்மலரை யார் எடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கவுண்டர் சும்மா இருப்பாரா? கல்யாண வீடு, சந்தை என்று போன இடமெல்லாம் செய்து காட்டினார். சில மாதத்தில் குந்தாரப்பள்ளியில் நாங்கள் கைக்குட்டையை எடுத்தாலே, "விரலிடுக்கு! விரலிடுக்கு!" என்று கூவினார்கள். "சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணா!" என்று சண்டை போட்டேன். "வேற வித்தை கத்துக்கலாம் சுதி. மாதையன் வேற ஊருக்கு எங்க போவான்?" என்றார். அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் அவர் அடுத்தவர் மேலிருந்து எடுத்ததில்லை. தன் மீசையிலிருந்தும் தன் பாக்கெட்டிலிருந்தும்தான் எடுத்தார். சிரிப்பு பாதியாகக் குறைந்தது. அந்த வித்தையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இதுவரை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று உண்டு. அன்று வண்டி கட்டும்போது மாதையன் எங்களிடம் வந்தான். மணிக்கட்டில் கயிற்றுத் தடம். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "சாமி, அப்ப நெசமாவே நான் எடுக்கலீங்களா?"

ஊரே சொன்னதும், தன் தலையிலிருந்தே மோதிரம் வந்ததும், தன்னை அறியாமல் கண்மலரையும் தான்தான் எடுத்திருப்போம் என்று அவனே நம்பியிருக்கிறான். அண்ணன் முகம் சுருங்கிப் போனது. அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ எதையும் எடுக்கலப்பா. உன் தலையில எதுவுமே இல்ல. எல்லாம் நான் செஞ்சது. என்ன மன்னிச்சிடு" என்றார். மாதையன் அப்போதுதான் அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை அண்ணன் கையை விடவில்லை.

அண்ணனின் கோட்டு அவர் மகளிடம் இருக்கிறது. வித்தைப் பெட்டியை வேறொருவர் கேட்டிருக்கிறார். எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எல்லாம் நான் செஞ்சது" என்று ஒரு மாடு மேய்ப்பவனிடம் சொன்ன குரல் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் தர மாட்டேன்.