அணுவுக்குள் எட்டு ஈயக்குண்டு

கல்லூரிக் கண்காட்சியில் என் மேஜையருகே நானும், பௌதிக ஆசிரியரும், மயிலாப்பூரில் மீன் விற்றுவிட்டு வந்த என் அக்காவும் இருந்தோம். நைனா வரவில்லை, கடலுக்குப் போயிருந்தார்.

நான் செய்தது ஆக்ஸிஜன் அணு. லஸ் முனையில் வாங்கிய பழைய புத்தகத்தை நம்பி, முதலில் களிமண் உருண்டையில் எலெக்ட்ரான்களாக எட்டு ஈயக்குண்டுகளைப் பதித்தேன். “அது முப்பது வருஷத்துப் பழைய அணுப்பா. நடுவில் கரு, சுற்றி எலெக்ட்ரான் ஓடும்” என்றார் ஆசிரியர். எல்லாவற்றையும் பிரித்து, குண்டுகளைக் கம்பி வளையங்களில் கோத்தேன். கண்காட்சியன்று அதைப் பார்த்த ஆசிரியர், “வளையமும் பழசாகிவிட்டதே. எலெக்ட்ரான் இங்கே இருக்கலாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள்” என்றார்.

எனக்கு எரிச்சலில் அழுகையே வந்தது. ஒரே அணுவை எத்தனை முறைதான் செய்வது?

அக்கா குனிந்து பார்த்தாள். “உங்க எலெக்ட்ரான் எங்க கீதுன்னு தெரியாது சார். நைனா வலைல காணாம போன குண்டு இங்கதான் கீது. ஒரு வாரமா வலை ஒரு பக்கம் மெதக்குது. கயிறு இத்துப்போச்சுன்னு தன்னையே திட்டிக்கினு, அடுத்தவன் கட்டுமரத்துல கூலிக்குப் போறாரு.”

அறுத்தவன் நான்தான். தப்பென்று தெரிந்ததும் அறிஞர்கள் தங்கள் அணுவையே கலைத்துவிடுகிறார்கள். நானோ ஒரு வாரமாக நைனாவிடம் வாயைக்கூடத் திறக்கவில்லை.

அன்று மாலையே நைனாவிடம் சொல்லி, குண்டுகளைத் திரும்பக் கட்டினேன். போன வாரத்து மீன் திரும்பவில்லை. அக்காவின் கணக்கில் அது பதினொன்றேகால் ரூபாய்.