கடத்தூர்ப் பக்கம் ஒரு வர்ஜீனியா

"தர்மபுரிக்கா? தண்ணியே இல்லாத ஊராச்சே! சொம்பு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று எங்கள் கல்லூரிக் கணக்கு ஆசிரியை கிண்டல் செய்து வழியனுப்பினார். சேலத்தில் வேலை பார்க்கும் தர்மபுரிக்காரி நான். இந்தப் பேச்சு பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பழகவில்லை, ஒவ்வொரு முறையும் சுருக்கென்று கோபம் வருகிறது. எழுபத்து நான்காம் வருடம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தக் கோபத்தோடுதான் பேருந்தில் ஏறினேன்.

சேலத்திலிருந்து தர்மபுரி நாற்பது மைல், டிக்கெட் இரண்டே முக்கால் ரூபாய். நடத்துநர் வாயாடி. எங்கே போகிறேன் என்று விசாரித்தார். கடத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கப் போகிறேன், அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய கதையைப் பிள்ளைகள் நாடகமாகப் போடுகிறார்கள் என்றேன்.

"அமெரிக்காவா? தொப்பூர் கணவாய்ல லாரிக்காரங்க வழி வுட்டாத்தானுங்க அமெரிக்கா போவலாம்" என்றார்.

அவர் வாக்குப் பலித்தது. தொப்பூர் வளைவில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. ஒரு மணி நேரம் எல்லோரும் இறங்கி, பாறை நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். தர்மபுரியில் வண்டி மாறிக் கடத்தூர் சேர மதியம் ஆகிவிட்டது.

நிறுத்தத்தில் ஜமீலா குடையோடு காத்திருந்தாள். ஆசிரியர் பயிற்சியில் எனக்கு ஒரு வருடம் இளையவள். அந்தப் பள்ளியில் ஆசிரியை, இந்த நாடகத்தை எழுதியவளும் அவள்தான். அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாட்டு வண்டியில் இரண்டு மைல் தள்ளி இருந்த பள்ளிக்குப் புறப்பட்டோம். அவள் முகம் சரியாக இல்லை.

"நாடகத்துக்குத் தடையா?" என்று கேட்டேன்.

"நாடகத்துக்கு இல்லக்கா. தண்ணிக்கு."

வண்டி போகப் போக விவரம் சொன்னாள். கடைசிக் காட்சி வர்ஜீனியாவில் ஒரு புகையிலைத் தோட்டம். கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த இங்கிலாந்து ஏழையும், விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்கரும் ஒரே வெயிலில், ஒரே சவுக்கடியில் வேலை செய்கிறார்கள். ஒரு சொம்புத் தண்ணீரை இருவரும் வாய் வைத்துக் குடித்து, முதலாளியை எதிர்த்துக் கிளம்புகிறார்கள். யாருக்கு எந்த வேஷம் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கூலி வேஷம், பண்ணையில் கூலி வேலை செய்பவர் மகள் மாரிக்கு விழுந்தது. ஆப்பிரிக்கர் வேஷம் விழுந்தது அந்தப் பண்ணைக்காரர் மகள் கல்யாணிக்கு. மாரி குடித்த எச்சில் தண்ணீரைக் கல்யாணி குடிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். பொதுவாக யாருமே சொம்பில் வாய் வைக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். பண்ணையில் கூலி ஆட்களுக்கோ சொம்பே கைக்கு வராது. அவர்கள் குனிந்து இரண்டு கையையும் குழித்து நிற்க, மேலிருந்து ஊற்றுவார்கள். எழுதவே கை கூசுகிறது, ஆனால் நான் வளர்ந்த ஊரிலும் அப்படித்தான்.

"மொத ஒத்திகையில என்ன நடந்துச்சு தெரியுமாக்கா? சொம்பை மாரி கையில குடுத்தேன். அதைக் கீழ வெச்சுட்டு, குனிஞ்சு, கையைக் குழிச்சுக்கிட்டு நிக்கிறா. யாரோ வந்து ஊத்துவாங்கன்னு! பிள்ளைங்க சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. எனக்குத்தான் சிரிப்பு வரல."

கல்யாணியின் அப்பாதான் பெற்றோர் சங்கத் தலைவர். மேடைப் பந்தலும் அவர் செலவு. முந்தின நாள் வந்து, "நாடகம் நடக்கட்டும் டீச்சர். சொம்பு மட்டும் வெறுஞ்சொம்பா இருக்கட்டும். குடிக்கிற மாதிரி நடிச்சாப் போதாதா?" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுத்தால் நாடகமே நின்றுவிடும் என்று ஜமீலா ஒப்புக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்த ஊரில் வேலை பார்க்க வேண்டியவள் அவள்தானே, வாயை மூடிக்கொண்டேன்.

மாலை. ஊரே திரண்டிருந்தது. முன்வரிசை நாற்காலியில் பண்ணைக்காரர், பக்கத்தில் நான். பின்னால் வேலியோரம் கூலிக்காரக் குடும்பங்கள் நின்றன. கட்டை வண்டிக்கு வேட்டியில் பாய் கட்டியதுதான் கப்பல். தங்கள் முறைப்படி சாமி கும்பிட இங்கிலாந்து ராஜா விடவில்லை என்று ஒரு கூட்டம் அதில் கடல் தாண்டியது. அடுத்த காட்சியில் அதே கூட்டம் நீதிபதிகளாக உட்கார்ந்தது. வீட்டில் பெண்களைக் கூட்டி வேதம் பேசினாள் என்று ஒருத்தியைக் குற்றவாளியாக்கி, குடியிருப்பை விட்டே துரத்தியது.

"அட, நம்மூருப் பஞ்சாயத்து மாதிரியே இருக்குதே!" என்று யாரோ கத்த, பந்தல் அதிரச் சிரித்தார்கள். பண்ணைக்காரரும் சிரித்தார்.

கடைசிக் காட்சி வந்தது. ஆமணக்கு இலைகள்தான் புகையிலை. ஆட்டு ரோமத் தொப்பி வைத்த முதலாளி, சவுக்கை வீசிவிட்டுப் போனான். மாரி சொம்பைத் தூக்கினாள். தூக்கியவள் திகைத்து நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் மணிக்கட்டில் வழிந்தது. வெறுஞ்சொம்பு இல்லை அது! ஜமீலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

மாரிக்கு வசனம் மறந்துவிட்டது. சொம்பு ஒரு கையில் இருக்க, இன்னொரு கை தானாகக் குழிந்தது. அப்போது கல்யாணி, நாடகத்தில் இல்லாத வசனத்தைச் சொன்னாள்.

"குடிச்சுட்டுக் குடுடீ. எனக்கும் தாகமா இருக்குது."

மாரி வாய் வைத்துக் குடித்தாள். பேருக்கு நனைக்கவில்லை, தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். பிறகு சொம்பைக் கீழே வைக்காமல் நேராகக் கல்யாணி கையில் கொடுத்தாள். கல்யாணி மிச்சத்தைக் குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். முதலில் கைதட்டியது வேலியோரம்தான். நானும் தட்டினேன், உள்ளங்கை எரியும்வரை. என் மாவட்டத்துப் பெண்கள் என்ற பெருமையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பண்ணைக்காரர் கைதட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை.

விழா முடிந்ததும் என்னிடம் வந்தார். "அப்புறம் அந்த வெள்ளைக்கார மொதலாளிங்க என்ன பண்ணாங்க மேடம்?"

"ரெண்டு கூலியும் ஒண்ணு சேர்ந்ததுல பயந்துட்டாங்க. தோலு நெறத்தை வெச்சு ஆளுக்கொரு சட்டம் போட்டுப் பிரிச்சாங்க."

"பலிச்சுதுங்களா?"

"பல தலைமுறைக்குப் பலிச்சுதுங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாடகத்துக்கு முன்ன வெறுஞ்சொம்புதானான்னு பாக்க மேடைக்குப் பின்னால போனேன். தூக்கினா தண்ணி தளும்புது. எம்பொண்ணுதான் கெணத்துல மொண்டு ரொப்பியிருக்குது. எதுக்க நின்னு என்னையே பாத்துச்சு. சொம்பை அப்படியே வெச்சுட்டு வந்து உக்காந்துட்டேன். என்னைய மாதிரியே பிடிவாதம் மேடம் அதுக்கு." அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பெருமை, சத்தியமாக. உடனே குரலைத் தாழ்த்தினார். "அவங்கம்மா இன்னிக்கி வரல. கேட்டா மட்டும் வெறுஞ்சொம்புன்னு சொல்லிடுங்க."

"பொய் எனக்கு வராதுங்க" என்றேன்.

"அப்ப நானே பாத்துக்கறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடத்தூர் நிறுத்தத்து டீக்கடையில், கூலி ஆட்களுக்கென்று தட்டியில் தனியாகச் செருகியிருந்த டம்ளர்களை நானும் ஜமீலாவும் பார்த்தோம். டீ சொல்லாமலே நின்றோம். மாரி வழியனுப்ப வந்திருந்தாள்.

"வூட்டுல சொம்பைத் தூக்கி வாய் வெச்சுக் குடிச்சுப் பழகினேன் மேடம். மேடையில கை தானாக் குழிஞ்சிடுச்சு" என்றாள். பிறகு, "அடுத்த வருசம் நான் மொதலாளி வேஷம் கேக்கப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

சேலத்தில் கணக்கு ஆசிரியை விடவில்லை. "என்ன, தர்மபுரியில தண்ணி கெடைச்சுதா?" என்றார்.

"கெடைச்சுது. கெணத்துத் தண்ணி, கொஞ்சம் உப்பு" என்றேன். "ஒரே சொம்புல வாய் வெச்சு ரெண்டு பொண்ணுங்க குடிச்சாங்க. உங்க சேலத்துல அப்படி யாரு குடிச்சு நீங்க பாத்திருக்கீங்க?"

அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.