கிளீவ்லாண்டுக்குப் போன மிளகாய்த்தூள்

அமெரிக்காவில் கால் வைக்காத எங்கள் பெரியம்மாவுக்கு அமெரிக்காவின் பாதிப் பட்டணங்கள் அத்துப்படி. எந்த ஊரில் இறைச்சியை இரவு முழுக்கப் புகையில் வாட்டுவார்கள், எந்த ஊரில் செத்தவீட்டுக்குப் பாண்ட் வாத்தியம் பிடிப்பார்கள் எல்லாம் சொல்லுவார். காரணம் வெள்ளிக்கிழமைகளில் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடர். மொட்டைத் தலையும் தொந்தியுமாக ஒரு அமெரிக்க நகைச்சுவைக்காரர் வாரம் ஒரு பட்டணத்துக்குப் போவார், வழி தவறுவார், கண்டதையும் தின்று முழிப்பார், உள்ளூர்க்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வாடகை வீட்டுச் சோபாவில் பெரியம்மாவும் நானும் ஒட்டிக்கொண்டிருந்து பார்ப்போம். ஆங்கிலம் அவருக்கு அரைகுறை. இங்கேயே பிறந்த எனக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் சிரிப்புக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பெரியம்மா சிரிப்பதற்காக மட்டும் பார்க்கவில்லை. அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணா, கிளீவ்லாண்டில் இருந்தார். மன்னாரில் இருந்து புறப்பட்டு எங்கெங்கோ அலைந்து அங்கே போய்ச் சேர்ந்தவர். அகதிக் கேஸ் முடியும்வரை அவர் அமெரிக்காவை விட்டு வெளியே வர முடியாது. பெரியம்மா போய்ப் பார்க்கலாமென்றால் அவருக்கு விசா கிடைக்கவில்லை. தாயும் பிள்ளையும் போனில் மட்டும்தான். தபாலில் அனுப்பிய மிளகாய்த்தூளும் போய்ச் சேரவில்லை. “கடைத்தூள் போட்டுச் சமைச்சு என்னத்தைச் சாப்பிடுறானோ” என்பதுதான் அவருடைய தீராத கவலை.

அப்படியிருக்க, அந்த மொட்டைத் தலையர் மேடை நிகழ்ச்சிக்கு ஆக்லாந்து வருகிறார் என்றும், அடுத்த வருஷத் தொடரைக் கிளீவ்லாண்டில் தொடங்குகிறார் என்றும் செய்தி வந்தது. பெரியம்மா எழும்பி நின்றுவிட்டார்.

“அப்ப அவரிட்டைக் குடுத்துவிடலாம்!”

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். யாராவது விமானம் ஏறப்போகிறார் என்று தெரிந்தால் போதும், முன்பின் தெரியாதவர் வீட்டுக்கும் பொதியோடு போய் நிற்போம். லண்டன் போகிறவர் கையில் வடகம், டொரொண்டோ போகிறவர் கையில் கருவாடு. வேண்டாம் என்று சொன்னவரை ஊர் மன்னிக்காது. தொலைக்காட்சியில் வருகிறவர் என்றால் என்ன, அவரும் போகிறவர்தானே!

விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் வேலைசெய்த என் மாமா, பெரியம்மாவின் தம்பி, தலையில் கை வைத்தார். “அக்கா, அவர் பெரிய ஆள். இதையெல்லாம் வாங்க மாட்டார்.”

“பெரிய ஆளெண்டால் பெரிய பெட்டி கொண்டு போவார்தானே. நீ காரை எடு.”

பெரியம்மா செத்தல் மிளகாய் வறுத்த அன்று வீட்டுப் புகை அலாரம் கத்து கத்தென்று கத்தியது. நான் துவாயால் விசிறிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து, தீயணைப்புக்காரரைக் கூப்பிடவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் அந்த மொட்டைத் தலையர் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நல்ல சேலை உடுத்து, பொதியை மார்போடு அணைத்தபடி நின்றது பெரியம்மா ஒருவர்தான். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. எங்கள் முறை வந்ததும் பெரியம்மா அவருடைய கையைப் பிடித்தார்.

“தம்பி, இது என்ர பிள்ளைக்கு. உறைப்புக் கூட, பாத்துப் போடச் சொல்லுங்கோ. கொண்டுபோய்க் குடுத்திட்டு அப்பிடியே ஓடி வந்திடாதேங்கோ, இருந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டு வரவேணும்.”

நான், “கிளீவ்லாண்டில் இருக்கிற மகனுக்கு. இவர் அங்கே போக முடியாது, அவர் இங்கே வர முடியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பொதியை மூக்கருகே கொண்டுபோய், அடுத்தடுத்துத் தும்மினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் பொதியை வாங்கி, தலை வணங்கினார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பெரியம்மா கழிவறைக்குப் போயிருந்த நேரம், நகைச்சுவைக்காரரின் உதவிக்காரப் பெண் ஓடி வந்தாள். விமானத்தில் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோக முடியாது, அவர் மிகவும் வருந்துகிறார் என்று பொதியை மாமாவிடம் திருப்பித் தந்தாள். மாமா அதைக் காரின் பின்பெட்டியில், தன் வேலைச் சட்டைக்குக் கீழே ஒளித்தார்.

“பெரியம்மாட்டச் சொல்லிப்போடாதை, என்ர ராசாத்தி” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு கிளீவ்லாண்டில் இருந்து அண்ணா போன் எடுத்தார். மாமா முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

“அம்மா, தூள் வந்திட்டுது. நேற்று இறைச்சி வைச்சனான்.”

“அவரே கொண்டு வந்தவரோ? சாப்பிட வைச்சனியோ?”

“ஓம் அம்மா. சாப்பிட்டு, உறைச்சு, மூக்குச் சிந்திப்போட்டுத்தான் போனவர்.”

பெரியம்மா கண்ணீர் வரச் சிரித்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பொய் பாவம் என்று எனக்குச் சொல்லித் தந்த பெரிய ஆட்கள் எல்லாரும் இப்படிக் கூசாமல் பொய் சொன்னால்?

பிறகொரு நாள் மாமா வீட்டில் மதியச் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி. பெரியம்மா முதல் வாய் வைத்ததும் அவருடைய கை நின்றது. மாமியின் கையில் அகப்பை நின்றது. மாமா சோற்றைப் பார்த்தபடி இருந்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“உங்கட கறி மாதிரியே இருக்கு, பெரியம்மா!”

பெரியம்மா என்னைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். எனக்கு இன்னும் இரண்டு துண்டு இறைச்சி எடுத்து வைத்தார்.

“ஓம் பிள்ளை, ஒரே கடைச் சாமான்தானே” என்றார். பிறகு மாமியிடம், “மிச்சத் தூளைப் போத்தில்ல போட்டு இறுக்கி மூடி வை. காத்துப் பட்டால் வாசம் போயிடும்” என்றார். மாமாவுக்குக் குடிக்காத தண்ணீர் புரையேறியது.

அண்ணாவின் கேஸ் முடிந்து அவர் ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்து இறங்க இன்னும் பல வருஷம் இருந்தது. அந்த வருஷங்களை அவர்கள் ஒருவரையொருவர் இப்படித் தாங்கித்தான் கடந்தார்கள். இவர்களுக்கு நடுவில் வளர எனக்குக் கிடைத்ததே, அது என் பாக்கியம்.

மாமா வீட்டில் அந்தக் கறி சாப்பிட்ட வாரத்து ஞாயிறும் அண்ணா பேசினார். பெரியம்மா மிகவும் சந்தோஷமாகக் கேட்டார்: “தூள் இன்னும் கிடக்கோ, ராசா?”

“கிடக்கம்மா.”

“உறைப்புக் காணுமோ?”

“நல்லாக் காணும் அம்மா.”

“அது போதும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பெரியம்மா முகத்தைத் துடைத்தார். பாவம் பெரியம்மா, எல்லாரும் சேர்ந்து ஏமாற்றுவது இவருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லையே என்று அந்த வயதில் நினைத்து, நான் அவருடைய மடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.