அத்தை கட்டிய கம்பிகள்

என் அத்தைக்குத் தொழில் கிழிசல் அடைப்பது. துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஒரு கடையின் பின்னறையில் மேசை விளக்கை முகத்தருகே இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிகரெட் நெருப்பு பட்ட கால்சட்டை, பூச்சி அரித்த கம்பளிச் சட்டை, எதுவானாலும் அதே துணியின் ஓரத்திலிருந்து உருவிய நூலால் நெய்து மூடிவிடுவார். வாங்க வருபவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இங்கதாங்க ஓட்டை இருந்துச்சு" என்பார். "கண்டுபிடிச்சா குடுங்க, மறுபடி அடைக்கிறேன்" என்பார் அத்தை.

இன்னொரு வேலையும் செய்கிறார், சம்பளமில்லாமல். விமானங்களுக்குக் கம்பி கட்டுவது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதற்குள் நிற்கக்கூடிய பொம்மை விமானங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த அந்தக் காலத்து வகை. மேல் இறக்கையைச் சின்னச் சின்னத் தூண்கள் தாங்கும். தூண்களுக்கிடையே குறுக்கும் மறுக்குமாகக் கம்பிகள் ஓடும். நிஜ விமானத்தில் இறக்கை ஆடாமல் இருந்ததே அந்தக் கம்பிகளால்தான். பொம்மையில் அவை முடியைவிட மெல்லிய நைலான் நூல். ஊசிமுனை நுழையும் ஓட்டையில் நூலை விட்டு, ஒரு பொட்டுப் பசை வைத்து, காயும்வரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். ஒரு கம்பியைக் கூடுதலாக இழுத்துவிட்டால் இறக்கை திருகிக்கொள்ளும். அதற்கு முன் கட்டிய நான்கு கம்பிகள் தொளதொளத்துப் போகும். எல்லாவற்றையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"எங்கக்கா மட்டும்தான் நெஜமாவே கம்பி கட்டற கதை சொல்லுவா" என்று அப்பா சிரிப்பார்.

விமானத்தைச் செய்கிறவர் அத்தை இல்லை. அவரை எங்கள் வீட்டில் லேத்துக்காரர் என்போம். ஒரு பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். பதினோரு வருடத்துக்கு முன், ஓட்டை விழுந்த கம்பளிக் கோட்டு ஒன்றை அத்தையிடம் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கியபோது அரை மணி நேரம் ஓட்டையைத் தேடினாராம். மறுநாள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து, "இதுக்கு நூல் கட்ட முடியுங்களா? இறக்கை, உடம்பு எல்லாம் நானே பண்ணிருவேன். நூல் மட்டும் இந்த வெரலுக்கு வரமாட்டேங்குது" என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாராம். ஒவ்வொரு விரலும் வாழைப்பழம் மாதிரி இருந்தது என்பார் அத்தை.

மனைவி இறந்த பிறகு அவர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். ரயிலில் ஆறு மணி நேரம். அங்கிருந்து கம்பி கட்டாத விமானத்தைப் பஞ்சு சுற்றிப் பார்சலில் அனுப்புவார். கட்டி முடித்ததை அத்தை முதல் தடவை பார்சலிலேயே திருப்பி அனுப்பினார். இருபத்தெட்டுக் கம்பியில் ஒன்பது அறுந்துபோய் அங்கே சேர்ந்தது. அதற்குப் பிறகு, முடிந்த விமானத்தை எடுத்துப்போக அவரே வருவார். பதினொரு மணிக்கு வந்து, நாலு மணி ரயிலுக்குத் திரும்பிவிடுவார். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் போவார். வருடத்துக்கு மூன்று தடவை.

நான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அப்பா வீட்டில் ஒரு வாரம்கூட இருக்க முடியவில்லை. கேள்விகள். அத்தையின் வீட்டில் கேள்வி கிடையாது. ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அத்தைக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். அத்தை ஒன்றும் சொன்னதில்லை. "வாடி ஊர்சுத்தி, செருப்ப வெளிய விடு" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

அவருக்காக ஒரு நூல்கண்டு வாங்கிவந்திருந்தேன். எங்கோ ஒரு கடையில், பொம்மை விமானக் கம்பிக்கென்றே விற்றார்கள். ரப்பர் போல இழுபடும், ஆனால் நைலானைவிட மெல்லியது. விரல் பட்டாலும் அறுபடாது, தானே பழைய இடத்துக்கு வந்துவிடும். இறக்கையும் திருகாது. அத்தை ஒரு முழம் இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார். "நல்லாருக்கு" என்று சொல்லி, பொத்தான் டப்பாவின் அடியில் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகும் நைலான் நூலில்தான் கட்டிக்கொண்டிருந்தார். பழகிய கை, புதுசைத் தொடாது என்று நினைத்துக்கொண்டேன்.

லேத்துக்காரர் வருவதற்கு முந்தின நாள் அத்தை ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். தினமும் புழங்கும் டம்ளர்களை விட்டுவிட்டு, மேல் பலகையிலிருந்து இரண்டு பீங்கான் கோப்பைகளை இறக்கிக் கழுவினார். கடைக்கு லீவு சொன்னார். அன்றைக்குக் காலையில் தலையை இரண்டு தடவை வாரினார். நான் பார்ப்பது தெரிந்ததும், "சிக்கு" என்றார்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே, "டீச்சரம்மா, இந்தத் தடவை எத்தன தப்பு?" என்றார். அவர் அனுப்பும் விமானத்தில் தூண் கோணலாக இருந்தால் அத்தை குறித்துவைத்துச் சொல்வார்; அதனால் அந்தப் பெயர்.

"மூணு. இடது தூண் ரெண்டும் குடிச்சுட்டு நிக்குது."

"மூணாவது?"

"மூணாவது நீங்க. வெயில்ல தொப்பி போடாம வந்தது."

அத்தை இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஜன்னலோரம் விமானத்தை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார். அத்தை அவர் பார்ப்பதைப் பார்த்தார். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். மூன்று மணிக்கு, சும்மா இருக்க மாட்டாத என் வாய் திறந்தது.

"நான் அத்தைக்கு ஒரு நூல் வாங்கிட்டு வந்தேங்க. அதுல கட்டினா யார் வேணா கட்டலாம். அறுபடவே அறுபடாது."

"அப்படியா? எங்க, காட்டு."

டப்பாவைக் கவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர் இழுத்தார். அந்த வாழைப்பழ விரல்களுக்கும் அது அடங்கி வந்தது. ஒரு பென்சிலுக்கும் கோப்பைக் காதுக்கும் நடுவே கட்டிச் சுண்டினார். நூல் அதிர்ந்து நின்றது. முகமெல்லாம் சிரிப்பு. "இது எனக்கே வரும்போலருக்கே. பதினோரு வருசமா உங்களப் போட்டுப் பாடாப் படுத்திட்டேன் டீச்சரம்மா."

நான் அத்தையைப் பார்த்தேன். மேசையில் சிதறிய பொத்தான்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நூல்கண்டு ஏன் அடியில் கிடந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. லேத்துக்காரர் இனி எதற்கு வர வேண்டும்?

"எடுத்துட்டுப் போங்க" என்றார் அத்தை.

"உங்களுக்கு?"

"எனக்கு நைலான் போதும்."

அவர் கண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பைப் போட்டவர் ஏதோ சொல்ல நின்ற மாதிரி இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அன்று ராத்திரி, "அது சீக்கிரம் நைஞ்சு போயிரும்னு சொல்லிடலாமா அத்தை?" என்றேன்.

"நையுமா?"

"நையாது."

"அப்புறம் என்ன. படு."

நாலு மாதம் பார்சல் வரவில்லை. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் அத்தையின் ஊசி நிற்கும். எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அவர் இறங்குவார். ஊசி மறுபடி ஓடும். நான் வேறொரு நாட்டில் வேலைக்கு எழுதிப்போட்டேன். சேதி சொன்னபோது அத்தை, "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அத்தையின் மடியில் யாருடைய கம்பளிச் சட்டையோ விரிந்து கிடந்தது. ஊசியை விட முடியாமல் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"டீச்சரம்மா, முடிச்சுட்டேன். நானே கட்டினது. படம் அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா?"

நான் படத்தைத் திறந்து அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. தூண்கள் நேராக நின்றன. கம்பிகள் எல்லாம் கோடு கிழித்த மாதிரி இருந்தன.

"நல்லாருக்குங்க."

"இல்ல. நல்லால்ல." அவர் குரல் இறங்கியது. "எல்லாம் சரியா முறுக்காத்தான் இருக்கு. ஆனா நீங்க கட்டினதுக்குப் பக்கத்துல வெச்சா இது பொம்மையாத் தெரியுது. மூணு நாளாப் பாக்கறேன், ஏன்னு பிடிபடல. ஒருவேளை நேர்ல பாத்தாத்தான் தெரியுமோ? வேணும்னா எடுத்துட்டு வரட்டா?"

நான் அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். ஆமா சொல்லு. ஆமான்னு சொல்லு.

அத்தை படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க. படத்துலயே தெரியுது" என்றார். "இறக்கைக் கம்பி எல்லாம் சரி. வாலுக்குப் போற நாலு கம்பியப் பாருங்க. அது ஓட்டறவன் உள்ள உக்காந்து காலால இழுக்கற கம்பி. ஆள் இருந்தாத்தான் முறுக்கும். உங்க விமானம் தரையில நிக்குது, உள்ள யாருமில்ல. அது லேசாத் தொங்கணும். ரப்பர் நூல் தொங்காது. அந்த நாலு மட்டும் அறுத்துட்டு நைலான் போடுங்க. ஒரு நெல்லு நீளம் கூட விடுங்க. போதும்."

அந்தப் பக்கம் மேசையில் ஏதோ நகரும் சத்தம். அவர் விமானத்தைத் திருப்பிப் பார்க்கிறார் போல.

"அட" என்றார். "ஆமா." பிறகு, "நாலே கம்பி."

"நாலுதான்."

"நானே போட்டுருவேன்ல?"

"போட்டுருவீங்க. தொங்கற நூல இறுக்க வேண்டியதில்லையே, உங்க வெரலுக்கே வரும்."

"வேற ஒண்ணுமில்லையே, டீச்சரம்மா?"

"வேற ஒண்ணுமில்லைங்க."

போன் அடங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. "லூசா அத்தை நீ? அவரே வரேன்னாரு. கொண்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"கேட்டாரு. தெரிஞ்சுது. சொன்னேன்." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "தெரிஞ்சத தெரியலன்னு சொல்லி, ஒரு மனுசன ஆறு மணி நேரம் ரயில்ல உக்கார வைக்கச் சொல்றியா?"

ஜன்னலருகே போய் நின்றேன். தெருவில் ஒருவர் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்து ஏறிப் போனார்.

"நீ அந்த ரயில் போற வழியாப் போயிருக்கேல்ல?" என்றார் பிறகு, சட்டையிலிருந்து தலையை எடுக்காமல்.

"ரெண்டு தடவ."

"என்ன வரும்?"

சொன்னேன். முதலில் செங்கல் சூளைகள். அப்புறம் பழைய சரக்கு வண்டிகளை நிறுத்திவைத்திருக்கும் ஒரு பெரிய இடம், முடியவே முடியாது. நடுவில் ஒரு ஆற்றுப் பாலம். பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் வெறும் வெளி, ஒரு மரம்கூட இருக்காது.

"பாலத்துக்கப்புறம் எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை மணி நேரம் இருக்கும்."

அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருந்த இடத்தைத் தேடினார்.

"ஆறு மணி நேரம் எனக்கெல்லாம் இடுப்பு தாங்காதுடி" என்றார்.